இடுப்பில் உலோகம், கையில் கோப்பை... தெரியுமா?

ஆள் இருக்கும்போதே இரங்கல் கூட்டம் நடத்தினால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அப்படி ஒன்று 2019 ஜனவரி 14 அன்று மெல்பர்னில் நடந்தது, தெரியுமா?

ஆஸ்திரேலிய ஓபன் முதல் சுற்று. ஸ்பெயினின் ராபர்ட்டோ பாட்டிஸ்டா அகுட்டிடம் ஆண்டி முர்ரே தோற்றுவிட்டார். 5 செட்! 4 மணி 9 நிமிடம்! மனிதர் கோர்ட்டை விட்டு நகர்வதற்குள் அரங்கத் திரையில் ஒரு வீடியோ ஓட ஆரம்பித்தது. ஃபெடரர் பேசுகிறார். நடால் பேசுகிறார். ஜோகோவிச் பேசுகிறார். எல்லாரும் வாழ்த்தி வழியனுப்புகிறார்கள். முர்ரே கண்கலங்க நின்று பார்க்கிறார்.

சரி, வழியனுப்பியாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்த மனிதர் எத்தனை வருடம் ஆடினார், சொல்லுங்கள் பார்ப்போம்?

ஐந்தரை வருடம்!

அந்த வீடியோவைத் தயாரித்தவர்கள் பிற்பாடு அதை எந்த முகத்தோடு பார்த்திருப்பார்களோ!

*

அப்போது முர்ரேவுக்கு வயது 31தான். இரண்டு விம்பிள்டன், ஒரு அமெரிக்க ஓபன், இரண்டு ஒலிம்பிக் ஒற்றையர் தங்கம் வாங்கியவர். 77 வருடம் கழித்து விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் பிரிட்டிஷ் ஆண்! அப்படிப்பட்டவர் அந்தப் போட்டிக்கு மூன்று நாள் முன்பு நிருபர்கள் முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டார். என்ன கஷ்டம் என்று சொன்னார் தெரியுமா? ஷூவும் சாக்ஸும் போடுவதுகூட வலிக்கிறது என்றார்!

உலகின் முதலிடத்தில் இருந்தவர், குனிந்து சாக்ஸ் போட முடியவில்லை. நம் வீட்டுத் தாத்தாக்கள் சொல்லும் அதே புகார்!

*

காரணம், வலது இடுப்பு மூட்டுத் தேய்மானம். 2018 ஜனவரியில் ஒரு அறுவை சிகிச்சை செய்து பார்த்தார், வலி போகவில்லை. அந்த 'வழியனுப்பு' மேட்ச் முடிந்து சரியாக இரண்டே வாரத்தில், லண்டனில் இரண்டாவது அறுவை. இந்த முறை என்ன செய்தார்கள் தெரியுமா?

தொடை எலும்பின் உச்சியில் பந்துபோல ஒரு உருண்டை இருக்கிறதல்லவா? அதைச் செதுக்கி, அதன் தலையில் உலோகத் தொப்பி ஒன்றை மாட்டிவிட்டார்கள்! அந்த உருண்டை உட்காரும் குழிக்குள்ளும் உலோகக் கிண்ணம்! கோபால்ட்டும் குரோமியமும் கலந்த உலோகம். முழு மூட்டு மாற்று என்றால் அந்த உருண்டையையே வெட்டி எறிந்துவிட்டு, தொடை எலும்புக்குள் ஒரு கம்பியை இறக்குவார்கள். இதில் எலும்பு பெரும்பாலும் மிஞ்சுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்!

அந்த எக்ஸ்ரேவை முர்ரே இன்ஸ்டாகிராமில் போட்டார். கும்மிருட்டில் பளிச்சென்று ஒரு காளான் முளைத்த மாதிரி இருந்தது!

*

இதே சிகிச்சைக்கும் நம் சென்னைக்கும் ஒரு சம்பந்தம் உண்டு, தெரியுமா? இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் பிறந்த இந்தத் 'தொப்பி'க்கு அமெரிக்க அரசு 2006 மே மாதம்தான் அனுமதி தந்தது. அதுவரை காத்திருக்கப் பொறுமையில்லாத சில அமெரிக்கர்கள் என்ன செய்தார்கள்? சென்னைக்கு விமானம் ஏறினார்கள்! இடுப்பை இங்கே சரிசெய்துகொண்டு, நடந்தே விமானத்தில் ஏறி ஊர் திரும்பினார்கள்!

*

அது சரி, இந்த உலோகத்தை வைத்துக்கொண்டு டென்னிஸ் ஆட முடியும் என்று முர்ரேவுக்குச் சொன்னது யார் தெரியுமா? இன்னொரு டென்னிஸ்காரர்! அமெரிக்காவின் பாப் பிரையன்!

இரட்டையர் ஆட்டத்தில் இரட்டைப் பிறவிகளாகவே ஆடி உலகைக் கலக்கிய பிரையன் சகோதரர்களில் இளையவர். எவ்வளவு இளையவர்? இரண்டே நிமிடம்! 2018 ஆகஸ்டில், 40 வயதில், இதே உலோகத் தொப்பியைத் தன் இடுப்பில் மாட்டிக்கொண்டார். தம்பி கட்டிலில் கிடந்த அந்த நேரத்தில் அண்ணன் மைக் சும்மா இருந்தாரா? வேறொரு ஜோடியோடு போய் அமெரிக்க ஓபனை வென்றுவிட்டார்! (கொஞ்சம் கோபம் வந்திருக்குமோ?) ஐந்தே மாதத்தில் தம்பி திரும்பினார். 2019 பிப்ரவரியில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து கோப்பை தூக்கினார்கள். 'முடியும்' என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இதே பாப் பிரையன் 2006-ல் யாரோடு சேர்ந்து அமெரிக்க ஓபன் கலப்பு இரட்டையர் பட்டம் வென்றார் தெரியுமா? மார்ட்டினா நவ்ரத்திலோவா! அந்த அம்மாவுக்கு 50 வயது நிறைய இன்னும் ஐந்தாறு வாரம்தான் பாக்கி! அது அவருடைய 59-வது கிராண்ட் ஸ்லாம் பட்டம்!

*

அறுவை முடிந்து ஐந்து மாதம். 2019 ஜூன். லண்டன் குயின்ஸ் கிளப். முர்ரே ஒற்றையர் ஆடத் துணியவில்லை. ஸ்பெயினின் பெலிசியானோ லோபஸோடு இரட்டையரில் மட்டும் பெயர் கொடுத்தார். சும்மா கால் நீட்டிப் பார்க்கலாம் என்றுதான்.

கோப்பையே கிடைத்துவிட்டது! திரும்பி வந்த முதல் போட்டியிலேயே!

அதுகூடப் பரவாயில்லை. 37 வயது லோபஸ் அன்றைக்கு மதியம் என்ன செய்திருந்தார் தெரியுமா? ஒற்றையர் இறுதியில் மூன்று செட் மோதி அந்தப் பட்டத்தையும் வாங்கிவிட்டு, வியர்வை காய்வதற்குள் முர்ரேவோடு இறங்கினார்! ஒரே நாளில் இரண்டு கோப்பை!

*

இப்போது சொல்லப்போவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

2017 ஜூன் 9. பாரிஸ். பிரெஞ்சு ஓபன் அரையிறுதி. முர்ரேவும் சுவிட்சர்லாந்தின் ஸ்டான் வாவ்ரிங்காவும் மோதினார்கள். வாவ்ரிங்கா யார் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2011, 2014, 2015, 2016 என்று நான்கு முறை நுங்கம்பாக்கத்தில் சென்னை ஓபன் கோப்பையைத் தூக்கியவர்! அன்று பாரிஸில் 4 மணி 34 நிமிடம். 5 செட். வாவ்ரிங்கா ஜெயித்தார்.

ஜெயித்தவருக்கு என்ன கிடைத்தது தெரியுமா? இரண்டு மாதத்தில் முழங்காலில் அறுவை, அதுவும் இரண்டு முறை! தோற்றவருக்கு? அன்றைக்குக் கெட்ட இடுப்புதான், பிறகு பழையபடி ஆகவேயில்லை! ஒரே மேட்ச், இரண்டு பேரையும் சேர்த்து உடைத்துப் போட்டது!

சரி, கதை முடிந்ததா? எங்கே!

2019 அக்டோபர். பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரம். தரவரிசையில் 243-வது இடத்தில் கிடந்த முர்ரே, இடுப்பில் உலோகத்தோடு ஒற்றையர் இறுதிக்கு வந்துவிட்டார். எதிரே வலை தாண்டி யார் நிற்கிறார்? அதே வாவ்ரிங்கா!

ஒரு பக்கம் ஒட்டுப்போட்ட முழங்கால். மறுபக்கம் தொப்பி போட்ட இடுப்பு. முதல் செட் 3-6 போனது. அடுத்தது 6-4. கடைசி 6-4. முர்ரே வென்றார்! மெல்பர்னில் வழியனுப்பி ஒன்பது மாதம்! மேட்ச் முடிந்ததும் மறுபடி அழுகை. மனிதருக்குக் கண்ணீர் சுலபமாக வரும், இன்னும் இரண்டு இடத்தில் பார்க்கப்போகிறோம்!

*

காயம் என்றால் கோர்ட்டில்தான் படும் என்று யார் சொன்னது?

2016 ஜனவரி. ஜோகோவிச்சிடம் ஆஸ்திரேலிய ஓபன் அரையிறுதியில் தோற்ற மறுநாள். ரோஜர் ஃபெடரர் தன் இரட்டைப் பெண் குழந்தைகளைக் குளிப்பாட்டத் தொட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். லேசாகத் திரும்பினார். முழங்காலுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம்! அவ்வளவுதான். ஜவ்வு கிழிந்துவிட்டது!

34 வயதுவரை உடம்பில் கத்தியே படாத மனிதர். ஆயிரத்துக்கு மேல் மேட்ச் ஆடியும் தாங்கிய முழங்கால், குளியலறையில் போயிற்று! தொடர்ந்து 65 கிராண்ட் ஸ்லாம் போட்டிகளில், ஒன்றைக்கூட விடாமல் ஆடிவந்த சாதனையும் அந்த வருடத்தோடு அறுந்தது. விம்பிள்டன் முடிந்ததும் ஆறு மாதம் மட்டையை மூலையில் சாத்திவிட்டார்.

அந்த அக்டோபரில் ஸ்பெயினின் மயோர்கா தீவில் நடால் தன் அகாடமியைத் திறந்தார். ஃபெடரர் சிறப்பு விருந்தாளி. வந்தவருக்கு முழங்கால் சரியில்லை. அழைத்தவருக்கு மணிக்கட்டு சரியில்லை! இரண்டு ஜாம்பவான்களும் என்ன ஆடினார்கள் தெரியுமா? அங்கிருந்த சிறுவர்களோடு குட்டி டென்னிஸ்! பெரிய மேட்ச் ஆட இருவர் உடம்பும் இடம் தரவில்லை!

மூன்று மாதம் போகட்டும். 2017 ஜனவரி 29. ஆஸ்திரேலிய ஓபன் இறுதி. யார் யார்? அதே இரண்டு நோயாளிகள்!

ஃபெடரருக்கு வயது 35. தரவரிசைப்பட்டியலில் 17-வதாகப் போட்டிக்குள் வந்தவர். ஐந்தாவது செட்டில் 1-3 என்று பின்தங்கிவிட்டார். டிவியை அணைத்துவிட்டு எழுந்து போனவர்கள் எத்தனை பேரோ! அங்கிருந்து ஐந்து கேம்களை வரிசையாக அள்ளினார். 6-3! நாலரை வருடம் வராத கிராண்ட் ஸ்லாம் வந்தது!

அதோடு விட்டாரா? அதே வருடம் விம்பிள்டனை ஒரு செட்கூட இழக்காமல் வென்றார்! 2018 பிப்ரவரியில், 36 வயதில், உலகின் முதலிடம்! ஒற்றையரில் அன்றுவரை அந்த வயதில் எந்த ஆணும் அங்கே உட்கார்ந்ததில்லை!

அதே அமர்க்களமான 2017-ல் புல்தரையில் ஃபெடரரை ஒருவர் தோற்கடித்தார், அவர் யார் தெரியுமா? ஜெர்மனியின் டாமி ஹாஸ்! வயது 39! தரவரிசை 302! தோளில் பலமுறை கத்தி பட்டவர். ஸ்டுட்கார்ட் நகரில், ஒரு மேட்ச் பாயிண்ட்டைக் காப்பாற்றிக்கொண்டு ஜெயித்தார். அந்த வருடம் புல்தரையில் ஃபெடரருக்குக் கிடைத்த ஒரே தோல்வி அதுதான்!

*

கால் இருப்பதே தெரியாமல் ஓடி ஒருவர் பிரெஞ்சு ஓபனை வென்றார், நம்புவீர்களா? 2022-ல் நடால்! இடது பாதத்தின் நடு எலும்பு சிதையும் ஒரு அரிய நோய் அவருக்கு. பாதத்தின் நரம்பை ஊசி போட்டு மரத்துப்போகச் செய்துவிட்டுத்தான் இறங்கினார். 36 வயது முடிந்து இரண்டே நாள். 14-வது பிரெஞ்சு ஓபன்!

*

கணக்கு ஒன்று. 2024 ஜூன் 5: ஜோகோவிச்சுக்கு முழங்காலில் அறுவை. ஜூலை 14: விம்பிள்டன் இறுதியில் நிற்கிறார்! இடையில் 39 நாள். ஆகஸ்ட் 4: ஒலிம்பிக் தங்கம்! 60 நாள். வயது 37! நம்மில் சிலருக்கு 60 நாளில் சளிகூடப் போவதில்லை!

*

நாற்காலியில் உட்கார்ந்து டென்னிஸ் பயிற்சி எடுத்தவரைத் தெரியுமா?

ஆஸ்திரியாவின் தாமஸ் முஸ்டர். 1989-ல் மயாமி பக்கம் ஒரு பெரிய போட்டி. அரையிறுதியில் ஐந்து செட் போராடி யானிக் நோவாவை வென்றுவிட்டு, இறுதிக்குப் போன குஷியில் காருக்கு வெளியே நின்றிருக்கிறார். குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவர் வந்து மோதினார். இடது முழங்கால் தசைநார்கள் அறுந்தன. இறுதிப் போட்டி ஆடாமலேயே போயிற்று.

முஸ்டர் வீட்டில் படுத்தாரா? தனக்கென்று ஒரு நாற்காலி செய்யச் சொன்னார். கட்டுப்போட்ட காலை நீட்டி வைத்துக்கொண்டு, கோர்ட்டில் உட்கார்ந்தபடியே பந்து பந்தாக அடித்தார்! ஆறே மாதத்தில் களத்துக்குத் திரும்பினார். 1995-ல் பிரெஞ்சு ஓபன். 1996-ல் உலகின் முதலிடம். 1997-ல் கால் அடிபட்ட அதே ஊரில் அதே போட்டியின் கோப்பை!

இவர் 1999-ல் ஒதுங்கினார். பிறகு 2010-ல், 42 வயதில், 'மறுபடி வருகிறேன்' என்று வந்து நின்றார்! 2011-ல் வியன்னாவில் ஒரு 18 வயதுப் பையனிடம் தோற்றார். பையன் பெயர் டொமினிக் தீம். பிற்பாடு அமெரிக்க ஓபனை வென்ற அதே தீம்தான்!

இந்தச் சங்கிலி இன்னும் நீளும். 2024 ஜனவரி, பிரிஸ்பேன். கிட்டத்தட்ட ஒரு வருடம் இடுப்புக் காயத்தில் கிடந்து, தரவரிசையில் 672-வது இடத்துக்குச் சரிந்த 37 வயது நடால் ஒற்றையருக்குத் திரும்பினார். முதல் எதிராளி? அந்தத் தீம்! 7-5, 6-1 என்று நடால் வென்றார். மணிக்கட்டு சரியாகாத தீம் அந்த அக்டோபரில் 31 வயதில் ஓய்வு பெற்றார். நடால்? நவம்பரில்! ஏழு வயது இளையவர் ஒரு மாதம் முன்னாலேயே போய்விட்டார்!

*

ஜப்பானின் கிமிகோ டாடே பற்றித் தெரியாதவர்கள் கை தூக்குங்கள். ஓ, நிறையப் பேர் இருக்கிறீர்கள்!

பிறவியில் இடதுகைக்காரர். ஆனால் ஆடியது வலது கையில்! (நடால் இதற்குத் தலைகீழ்: வலது கையால் எழுதுவார், இடது கையால் ஆடுவார்!) 1995-ல் உலகின் 4-ஆம் இடம். 1996-ல், வெறும் 26 வயதில், 'போதும்' என்று போய்விட்டார். எத்தனை வருடம் கழித்துத் திரும்பினார் தெரியுமா?

12 வருடம்! 2008-ல்! வயது 37!

2009 செப்டம்பர் 27: சோல் நகரில் பட்டம் வென்றார். மறுநாள் அவருக்கு 39-வது பிறந்தநாள்! 2010 செப்டம்பர் 27: டோக்கியோவில் மரியா ஷரபோவாவைச் சாய்த்தார். மறுநாள் 40-வது பிறந்தநாள்! தனக்குத் தானே பரிசு வாங்கிக்கொள்ளும் பழக்கம் போலிருக்கிறது!

2013 ஆஸ்திரேலிய ஓபன். 42 வயது. 12-ஆம் இடத்தில் வரிசைப்படுத்தப்பட்ட நாடியா பெட்ரோவாவுக்கு அவர் விட்டுக்கொடுத்தது எத்தனை கேம்? இரண்டே இரண்டு! 6-2, 6-0!

அப்புறம்தான் முழங்கால் கெட்டது. 2016-ல் இரண்டு அறுவை. வயது 45. இனிமேலாவது வீட்டில் உட்காருவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். 2017-ல் மறுபடி மட்டையோடு வந்துவிட்டார்! இந்த முறை உடம்பு கேட்கவில்லை. 47 வயது நிறைய இரண்டு வாரம் இருக்கும்போது டோக்கியோவில் கடைசி மேட்ச் ஆடினார். இரண்டு முறை ஓய்வு பெற்றவர், இரண்டுக்கும் நடுவே 21 வருடம்!

*

திருட்டுக் கதை ஒன்று வேண்டுமா?

2021 அக்டோபர், கலிஃபோர்னியாவின் இந்தியன் வெல்ஸ். முர்ரேவின் ஷூ வியர்வையில் ஊறித் தாங்க முடியாத நாற்றம். ஓட்டல் அறையில் பால்கனி இல்லை. எங்கே காயவைப்பது? ராத்திரி காருக்கு அடியில் வைத்துவிட்டார். காலையில் பார்த்தால் ஷூ காணோம்!

ஷூ போனால் போகட்டும். அவர் ஆடும்போது கல்யாண மோதிரத்தைக் கழற்றி எங்கே கட்டி வைப்பார் தெரியுமா? ஷூ நாடாவில்!

நல்லவேளை, தேடியதில் ஷூவும் கிடைத்தது, மோதிரமும் கிடைத்தது. நாற்றம் மட்டும் அப்படியே இருந்ததாம்! அந்த ஷூவை எடுத்துப்போனவரின் மூக்கை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

*

லிஃப்டில் மாட்டிக்கொண்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அர்ஜென்டினாவின் யுவான் மார்ட்டின் டெல் போட்ரோ 2016 ரியோ ஒலிம்பிக்கில் 40 நிமிடம் மாட்டிக்கொண்டார்! மணிக்கட்டுகளில் நான்கு அறுவை முடிந்து, அந்த வருட ஆரம்பத்தில் தரவரிசையில் ஆயிரத்துக்கும் கீழே கிடந்து மீண்டுவந்தவர். வெளியே வந்த அன்றைக்கே யாரோடு மேட்ச்? உலகின் முதல் நிலை வீரர் ஜோகோவிச்சோடு! ஜெயித்தார்! அரையிறுதியில் நடாலையும் வென்றார்! தங்கத்துக்கான மேட்சில் அவரை நிறுத்தியது யார்? நம் முர்ரே! 4 மணி 2 நிமிடம்!

அடுத்த மாதமே டேவிஸ் கோப்பையில் டெல் போட்ரோ பழி தீர்த்தார். 5 மணி 7 நிமிடம்! முர்ரே அதுவரை ஆடியதிலேயே நீளமான மேட்ச் அதுதான். அப்போது அவருடைய இடுப்பு அவருடையதாகவே இருந்தது.

இந்த 5 மணி 7 நிமிடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

*

2023 ஜனவரி. மறுபடி மெல்பர்ன். முர்ரேவுக்கு 35 வயது.

முதல் சுற்று: இத்தாலியின் பெரெட்டினி. ஒரு மேட்ச் பாயிண்ட்டைக் காப்பாற்றி ஐந்தாவது செட்டில் வெற்றி. 4 மணி 49 நிமிடம்!

இது போதாதா? இரண்டாம் சுற்று: உள்ளூர்ப் பையன் தனாசி கொக்கினாகிஸ். மேட்ச் ஆரம்பித்ததே இரவு பத்து மணிக்கு மேல்! முதல் செட் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதில் 2-5! இன்னும் ஒரே கேம், மூட்டை கட்டிவிடலாம். அந்த நிலையிலிருந்து அந்த செட்டை எடுத்தார். அடுத்ததையும் எடுத்தார்.

நடுராத்திரி தாண்டிவிட்டது. மணி ஒன்று. இரண்டு. மூன்று! பந்து பொறுக்கும் பிள்ளைகள் இன்னும் நிற்கிறார்கள். முர்ரேவுக்குக் கழிவறைக்குப் போக வேண்டும். அனுமதிக்கப்பட்ட ஒரு முறையை ஏற்கெனவே பயன்படுத்திவிட்டாராம், நடுவர் விடவில்லை! விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு மனிதனை இதற்குக்கூடவா விட மாட்டீர்கள் என்று கோர்ட்டிலேயே சண்டை! நியாயம் யார் பக்கம், நீங்களே சொல்லுங்கள்.

முடிந்தபோது மணி என்ன தெரியுமா? காலை 4:05! பால்காரர் வரும் நேரம்! 4-6, 6-7, 7-6, 6-3, 7-5! 5 மணி 45 நிமிடம்! 5 மணி 7 நிமிடத்தை நினைவிருக்கிறதா? சொந்த எலும்போடு போட்ட அந்தச் சாதனையை உலோக இடுப்போடு 38 நிமிட வித்தியாசத்தில் தாண்டிவிட்டார்!

இரண்டு மேட்சையும் கூட்டுங்கள். 10 மணி 34 நிமிடம்! சென்னையிலிருந்து லண்டனுக்கு விமானத்தில் போகிற நேரம்!

முதல் இரண்டு செட்டை இழந்து பிறகு ஜெயிப்பது அவருக்கு இது 11-வது முறை. தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குக் கதவு திறந்த 1968-லிருந்து வேறு எந்த ஆணும் இத்தனை முறை செய்ததில்லை!

மூன்றாம் சுற்றில் தோற்றுவிட்டார். யாரிடம் என்று கேளுங்களேன்? பாட்டிஸ்டா அகுட்! நான்கு வருடம் முன்பு அந்த 'இரங்கல் கூட்டத்து' மேட்சில் ஜெயித்தாரே, அதே ஆள்!

ராத்திரி ஆட்டம் முர்ரேவுக்குப் புதிதல்ல. 2018 ஆகஸ்டில், முதல் அறுவை முடிந்து திரும்பியபோது, வாஷிங்டனில் ஒரு மேட்ச் விடியற்காலை 3 மணி தாண்டி முடிந்தது. ஜெயித்தவர் நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். சொன்னேன் அல்லவா!

*

அதே வாஷிங்டன் போட்டி. 2025 ஜூலை. வீனஸ் வில்லியம்ஸ் 16 மாதம் கழித்துக் கோர்ட்டுக்குள் வருகிறார். வயது 45! கருப்பைக் கட்டிக்காக அறுவை செய்துகொண்டவர். எதிரே 23 வயது பெய்டன் ஸ்டேர்ன்ஸ். 6-3, 6-4! வீனஸ் வெற்றி!

ஸ்டேர்ன்ஸ் பிறந்தது 2001 அக்டோபரில். அன்றைக்கு வீனஸிடம் எத்தனை ஒற்றையர் கிராண்ட் ஸ்லாம் இருந்தது தெரியுமா? நான்கு!

இதைவிட அதிக வயதில் பெண்கள் ஒற்றையரில் ஒரு மேட்ச் ஜெயித்தவர் நவ்ரத்திலோவா மட்டும்தான், 2004-ல், 47 வயதில். அவரை விட்டு எங்கே போனாலும் எதிரே வந்துவிடுகிறார்!

ஏன் திரும்பி வந்தீர்கள் என்று வீனஸைக் கேட்டார்கள். மருத்துவக் காப்பீட்டுக்காகத்தான் என்று சொல்லிச் சிரித்தார்!

*

நம் ஊர்ப் பக்கம் ஒருவர் இல்லையா? ஏன் இல்லை! குடகு மலையின் ரோஹன் போபண்ணா. முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்தே போனவர். வலி மாத்திரையை விட்டு ஐயங்கார் யோகாவுக்குப் போனார். 2024 ஜனவரி 27, ஆஸ்திரேலிய ஓபன் ஆண்கள் இரட்டையர் பட்டம், தன் ஜோடி எப்டனோடு! வயது 43, கூடவே 329 நாள்! 1968-லிருந்து கிராண்ட் ஸ்லாம் வென்ற ஆண்களில் இதைவிட வயதானவர் அதுவரை இல்லை. இரண்டு நாளில் தரவரிசையில் முதலிடம், வாழ்க்கையில் முதல் முறையாக! அதற்குமுன் இப்படி மிகத் தாமதமாக முதலிடம் ஏறியவர் ராஜீவ் ராம், 38 வயதில். குயின்ஸ் இறுதியில் முர்ரே-லோபஸ் ஜோடியிடம் தோற்ற இருவரில் ஒருவர்!

*

கடைசியாக, பாரிஸ்.

2024 ஜூன் மாதம் முர்ரேவுக்கு முதுகுத்தண்டில் ஒரு கட்டி. அதற்கும் அறுவை! இடுப்பு, இப்போது முதுகு. ஒரு மாதம் கழித்து ஒலிம்பிக். அதுதான் கடைசிப் போட்டி என்று அவரே அறிவித்துவிட்டார். ஒற்றையர் வேண்டாம், டான் இவான்ஸோடு இரட்டையர் மட்டும்.

முதல் சுற்றிலேயே எதிரணிக்கு மேட்ச் பாயிண்ட். ஒன்றா? ஐந்து! ஐந்தையும் காப்பாற்றி ஜெயித்தார்கள்! எதிரே ஆடிய ஜப்பானின் நிஷிகோரியும் இடுப்பில் அறுவை செய்துகொண்டு வந்தவர்தான் என்பது உங்களுக்குத் தெரியுமா?

இரண்டாம் சுற்றில் இன்னும் இரண்டு மேட்ச் பாயிண்ட்! அவற்றையும் காப்பாற்றினார்கள்! ஏழு முறை மூடப்போன கதவில் ஏழு முறையும் கால் வைத்துத் தடுத்துவிட்டார்கள்!

காலிறுதியில் அமெரிக்க ஜோடியிடம் தோற்றார்கள். ஆகஸ்ட் 1. முர்ரே அழுதார், அதில் ஆச்சரியம் இல்லை.

ஆச்சரியம் அப்புறம்தான். கோர்ட்டை விட்டுப் போனதும் இணையத்தில் ஒரு வரி எழுதினார்: எப்படியும் எனக்கு டென்னிஸ் பிடித்ததே இல்லை! உலோக இடுப்போடு காலை 4 மணி வரை ஆடியவர் எழுதியது இது!

கூடவே தன் அறிமுகக் குறிப்பையும் திருத்தினார். அதுவரை அங்கே இருந்தது: 'டென்னிஸ் ஆடுகிறேன்.'

திருத்தியது: 'டென்னிஸ் ஆடினேன்.'